அழாத பிள்ளையைப் பாருங்கள்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, பாலம், கிணறு, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றி நாம் பலமுறை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அவற்றைவிடச் சிறியதுபோல உங்களுக்குத் தோன்றலாம். சிறு குழந்தைகள் மூன்று நான்கு பேரை ஒருசேர வளர்க்கும் ஒரு வீட்டில் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது, அந்த நாளின் சுமை யார் தோளில் எவ்வளவு விழுகிறது, அதைக் குறைப்பதற்கு வீட்டாரும் ஊராரும் செய்யக்கூடியது யாது என்பதே அப்பொருள்.

"பிள்ளை வளர்ப்பது பெண்கள் பாடு, பஞ்சாயத்துக்கு அதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். ஊரில் ஒரு மாடு நோயுற்றால் கால்நடை மருத்துவரை அழைத்து வருகிறோம். ஒரு வயலில் புகையான் விழுந்தால் பக்கத்து வயல்காரர்களும் விழித்துக்கொள்கிறார்கள். ஒரு வீட்டுக் குழந்தை நாளுக்கு நாள் மெலிந்து வந்தால் மட்டும் அது அந்த வீட்டு விஷயம் என்று இருந்துவிடுகிறோம். இப்போக்கு முறையாகாது.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்று நம் முன்னோர் கூறுவர். இப்பழமொழி உண்மையே. ஆனால் அதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. பல பிள்ளைகள் உள்ள வீட்டில் அழாத பிள்ளைக்குப் பால் கிடைப்பதில்லை. கைக்குழந்தை அழுகிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். அதற்கு மூத்த குழந்தை சிணுங்கிச் சிணுங்கி ஓய்ந்துபோகிறது. எல்லாருக்கும் மூத்த பெண் அழுவதற்கே நேரமின்றி வேலை செய்கிறாள். தாயோ அழுவதை வெளியில் காட்டுவதில்லை. இவ்வாறு அழாத மூவரைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறோம்.

எர்ணாவூரில் ஒரு நாள்

எடுத்துக்காட்டாக எர்ணாவூரை நினைத்துக்கொள்வோம். திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில், கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் அமைந்த ஒடுக்கமான நிலப்பகுதியில் உள்ளது அவ்வூர். மீனவர் குப்பங்களும் உப்பளங்களும் நிறைந்திருந்த அந்த வட்டாரத்தில், நாடு விடுதலை பெற்றபின் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 2011ஆம் ஆண்டில் அப்பகுதி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபின், வடசென்னைக் கரையோரத்தில் இருந்த மீனவக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே குடியிருப்புகள் கட்டித் தரப்பட்டன. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் கலந்து அப்பகுதி வீடுகளுக்குள் புகுந்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள்.

நகரத்தோடு சேர்ந்துவிட்ட ஓர் ஊரை உழவர்களிடம் ஏன் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. குப்பத்தில் இருந்தவரையில் பாட்டி, அத்தை, சின்னம்மா எல்லாரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். ஒருத்தி வெளியே போனால் அவள் பிள்ளையை வேறொருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். அடுக்குமாடிக்கு வந்தபின் உறவினர் ஒரு பக்கமும் இவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டனர். நம் கிராமங்களிலும் இம்மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. கூட்டுக் குடும்பங்கள் தனிக்குடித்தனங்களாகப் பிரிந்துள்ளன. பாட்டியும் கூலி வேலைக்குச் செல்கிறாள். எர்ணாவூரில் இன்று காண்பதை நம் ஊரில் நாளை காண்போம். சில வீடுகளில் இன்றே காணலாம்.

அங்குள்ள தாய்மார்களோடு நாங்கள் உட்கார்ந்து பேசியதைக் கொண்டு ஒரு வீட்டின் நாளை உங்களுக்குச் சொல்லுகிறோம். எவருடைய வீடென்று குறிப்பிடத் தேவையில்லை. அத்தகைய வீடுகள் பல.

வீட்டில் நான்கு பிள்ளைகள். பதினொரு வயதுப் பெண், ஏழு வயதுப் பையன், மூன்று வயதுச் சிறுமி, பத்து மாதக் கைக்குழந்தை. தகப்பனார் விசைப்படகில் கடலுக்குச் செல்பவர். சென்றால் திரும்பச் சில நாட்களாகும். தாய் மீன் விற்பவள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, காசிமேட்டுத் துறைமுகத்தில் ஏலத்துக்குப் போகிறாள். அங்கே மீன் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்து, தெருத் தெருவாக விற்றுவிட்டு வீடு திரும்ப நண்பகல் ஆகிவிடுகிறது.

அந்த மூன்று மணியிலிருந்து வீட்டுக்குத் தலைவி அந்தப் பதினொரு வயதுப் பெண்தான். தண்ணீர் வந்தால் அவள் பிடிக்க வேண்டும். குழந்தை விழித்தால் அவள் தூக்க வேண்டும். பழைய சோற்றைப் பிசைந்து மூவருக்கும் கொடுக்க வேண்டும். தம்பிக்குச் சட்டை மாட்டி, கன்டெய்னர் லாரிகள் வரிசையாகச் செல்லும் சாலையைக் கடந்து பள்ளியில் விட வேண்டும். தங்கையை அங்கன்வாடியில் விடலாம். பத்து மாதக் குழந்தையை அங்கே விட முடியாது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தால் அவளும் பள்ளிக்குப் போவாள். இல்லையேல் அன்று அவளுக்குப் பள்ளி இல்லை.

நம் ஊரில் ஏலத்துக்குப் பதிலாக நடவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்றுப் பறிக்கவும் களை எடுக்கவும் காலை ஆறு மணிக்கே பெண்கள் வயலில் இறங்குகிறார்கள். மற்றவை எல்லாம் அப்படியே பொருந்தும்.

சவலைப் பிள்ளை

முதலில் அந்த மூன்று வயதுச் சிறுமியைப் பார்ப்போம். கைக்குழந்தை பிறந்ததும் அவளுக்குத் தாய்ப்பால் நின்றது. தாயின் மடியும் போயிற்று. இத்தகைய குழந்தையைத் தமிழில் சவலை என்கிறோம். அடுத்த குழந்தை வந்ததனால் பாலும் கவனிப்பும் குறைந்து மெலிந்த குழந்தைக்கு நம் மொழியில் தனிப் பெயரே இருக்கிறது என்றால், நம் பாட்டிமார் இந்நிலையை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

இதைக் கண்டவர்கள் நாம் மட்டும் அல்ல. சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர், இன்று கானா எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் 1930களில் பணிபுரிந்தார். கை கால் வீங்கி, தோல் உரிந்து, தலைமயிர் நிறம் மாறி இறந்துபோகும் குழந்தைகளை அவர் அங்கே பார்த்தார். அந்த நோய்க்கு உள்ளூர் மக்கள் வைத்திருந்த பெயர் குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தையைப் பற்றும் நோய் என்பது அதன் பொருள். அப்பெயரையே அவர் மருத்துவ உலகுக்கு அளித்தார். கடல் கடந்த நாட்டுத் தாய்மாரும் நம் தாய்மாரும் ஒரே உண்மையைக் கண்டு, அதற்குத் தத்தம் மொழியில் பெயரிட்டிருக்கிறார்கள்.

சவலைப் பிள்ளையிடம் உள்ள ஆபத்து யாதெனில், அது தொந்தரவு செய்வதில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும், விளையாடாது. "இது நல்ல பிள்ளை, படுத்தவே படுத்தாது" என்று வீட்டார் மகிழ்வார்கள். மூன்று வயதுக் குழந்தை படுத்தாமல் இருந்தால் மகிழலாகாது. எடை பார்க்க வேண்டும்.

இவ்விஷயத்தில் நம் மாநிலத்துக்கே சொந்தமான பாடம் ஒன்று உண்டு. 1980ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். எடை எவ்வளவு என்பதைக் காட்டிலும், சென்ற மாதத்தைவிட ஏறியிருக்கிறதா என்பதையே முக்கியமாகக் கவனித்தார்கள். தொடர்ந்து எடை ஏறாத குழந்தைக்குத் தொண்ணூறு நாட்கள் கூடுதல் உணவு கொடுத்தார்கள். பயிர் மஞ்சளித்தபின் உரமிடுபவன் ஒரு வகை உழவன். வளர்ச்சி நின்றதுமே காரணம் தேடுபவன் மற்றொரு வகை. அத்திட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

நன்றாக வளரும் குழந்தை ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடையைப்போல இரு மடங்கும், ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ மும்மடங்கும் ஆகும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது கடுமையான மெலிவு; உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். கை கால் வீக்கத்தைக் கொழுப்பு என்று எண்ணி ஏமாறக்கூடாது. இரண்டு பாதங்களையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் அதுவும் ஆபத்தின் அறிகுறியே.

மற்றொன்று. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் சோறு போடுகிறோம். ஒற்றுமைக்கு அது நல்லதுதான். ஆனால் ஏழு வயதுப் பையன் ஐந்து கவளம் உண்பதற்குள் மூன்று வயதுக் குழந்தை ஒரு கவளம்தான் உண்ணும். தட்டு காலியானதும் மூவரும் உண்டதாகக் கணக்காகிவிடுகிறது. சிறு குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். கிண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதைப் பார்த்தாலே அது உண்ட அளவு தெரிந்துவிடும்.

தலைச்சன் பெண்

இரண்டாவதாக அந்தப் பதினொரு வயதுப் பெண். "எங்கள் வீட்டுப் பெண் கெட்டிக்காரி; அவள் இருப்பதால் எனக்குக் கவலையே இல்லை" என்று தாய் பெருமையோடு கூறுகிறாள். அப்பெருமை நியாயமானதே. தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். அன்பும் பொறுப்பும் அதனால் வளரும். பள்ளி முடிந்து வந்து ஒரு மணி நேரம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்வதை எவரும் குறை கூறப்போவதில்லை. பள்ளியை விட்டுவிட்டுத் தூக்கி வைத்துக்கொள்ளும்போதுதான் உதவி, சுமையாக மாறுகிறது.

முதலில் வாரத்தில் ஒரு நாள் பள்ளி போகிறது. பிறகு இரண்டு நாள். கணக்குப் பாடம் புரியாமல் போகிறது. வகுப்பில் எழுந்து நிற்க வெட்கம் வருகிறது. ஒரு நாள் அவளே, "நான் இனிமேல் போகவில்லை, அம்மா" என்கிறாள். வீட்டில் எவரும் அவளை நிறுத்தியதாகச் சொல்ல முடியாது. அவளே நின்றுவிட்டாள் என்பார்கள். பள்ளியிலிருந்து நின்ற பெண்ணுக்கு அடுத்துப் பேசப்படுவது கலியாணம். பதினெட்டு நிறைவதற்குள் மணமாகி, இருபதுக்குள் இரு குழந்தைகளோடு அவள் நிற்பாளானால், இந்த வீட்டின் கதை அந்த வீட்டில் மறுபடி தொடங்குகிறது. ஆகவே பல பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த பெண்ணின் படிப்பைக் காப்பது, அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைகளையும் சேர்த்துக் காப்பதாகும்.

ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாய இலவசக் கல்வி உரிமை என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. சட்டமும் திட்டமும் வாசல் வரை வந்து நிற்கின்றன. இடுப்பில் குழந்தையோடு நிற்கும் பெண் அவற்றை எட்டிப் பிடிப்பது எப்படி? யாராவது அந்தக் குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும் அன்றோ?

தாய்

மூன்றாவதாக அந்தத் தாய். எல்லாரும் உண்டபின் பானையை வழித்து உண்பவள் அவள். குழம்பில் மீன் இருந்தால் தலையும் வாலும் அவள் பங்கு. சில நாள் அதுவும் இல்லை. பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்பக் காலத்தைவிடவும் கூடுதலான உணவு வேண்டும். கறவை மாட்டுக்குத் தீவனம் குறைத்துவிட்டுப் பால் எதிர்பார்க்கும் உழவர் எவரும் இக்கூட்டத்தில் இல்லை. வீட்டிலும் அதே அறிவு வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

பிள்ளைப்பேற்றின் இடைவெளியைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டியிருக்கிறது. திருந்திய நெல் சாகுபடியில் 25 சென்டிமீட்டருக்கு ஒரு நாற்று என்று இடைவெளி விட்டு நடுகிறோம். ஆரம்பத்தில் வயல் காலியாகத் தெரிகிறதே என்று முதியவர்கள் கேலி செய்தார்கள். தூர் வெடித்தபின் கேலி நின்றது. குழந்தை பிறந்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் கழித்தே தாய் மறுபடி கருத்தரிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த இடைவெளி இருந்தால் முந்திய குழந்தை சவலையாவதில்லை. தாயின் உடலிலும் இரத்தம் ஊறும். காப்பர் டி சாதனம், மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. போதும் என்று தீர்மானித்த குடும்பத்தில் ஆண் செய்துகொள்ளும் அறுவை, பெண் செய்துகொள்வதைக் காட்டிலும் எளியது. இதைக் கணவன்மார்களே முன்வந்து கேட்டறிய வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்று 2019–21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வு கூறுகிறது. "இந்தக் காலத்தில் நான்கு பிள்ளை யார் பெறுகிறார்கள்?" என்று அதைக் கொண்டு சிலர் கேட்கலாம். சராசரிக் கணக்கு மாநிலத்துக்கு உரியது. ஒரு வீட்டின் உலைக்கு அது உதவாது. அண்ணன் தம்பியர் இருவரின் பிள்ளைகள் ஒரு கூரையின்கீழ் வளரும் வீடும் பல பிள்ளை வீடுதான். அத்தகைய வீடுகள் குறைந்துவிட்டன என்பதாலேயே அவை நம் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

இனி வீட்டில் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, ஆபத்தை அகற்றுவது. ஒரு வாளித் தண்ணீர் போதும், தவழும் குழந்தை தலைகுப்புற விழுந்து மூச்சடைத்துப் போவதற்கு. எர்ணாவூர் வீட்டில் பீப்பாயும் குடமும் என்றால், நம் ஊரில் குட்டையும் தொட்டியும் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறும். பீப்பாய்க்கு மூடி போடுங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். உழவர்களுக்குத் தனியாக ஒரு சொல்: பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைக்குப் படிக்கத் தெரியாது. புட்டியின் வடிவம் மட்டுமே தெரியும். மருந்தைப் பூட்டி வையுங்கள்.

இரண்டாவது, நோய் கண்டபோது செய்ய வேண்டியது. வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, சிறுகச் சிறுகக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கைக்கு வரும்வரை, ஆறு மாதம் கடந்த குழந்தைக்கு உப்பிட்ட கஞ்சியும் மோரும் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையைப் போக்கு நின்றபின்னும் பதினான்கு நாட்கள் முடியும்வரை கொடுக்க வேண்டும். கண் குழிவிழுந்தாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சளி இருமல் உள்ள குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் நிமோனியாவாக இருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இந்த எண்ணிக்கையைப் பாட்டியும் எண்ணலாம், தகப்பனாரும் எண்ணலாம்.

மூன்றாவது, தகப்பனாரின் பங்கு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை. அக்காலத்தில் படகில் செல்லும் ஆண்கள் வலை பின்னுவார்கள்; படகைப் பழுது பார்ப்பார்கள். எர்ணாவூரில் ஒரு தாய் எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தடைக்காலத்துல அவரு குழந்தையைத் தூக்கிக்கிட்டாரு. இருபது நாள்ல குழந்தை அவருகிட்டதான் சோறு வாங்குது." குழந்தைக்குச் சோறூட்டுவதற்கு மீசை தடையல்ல. நம் உழவர்களுக்கும் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவே ஓய்ந்த நாட்கள் உண்டு. அந்நாட்களில் பழகிக்கொண்டால் வேலை மிகுந்த நாட்களிலும் அது கைவரும்.

பஞ்சாயத்து செய்ய வேண்டியவை

இனிப் பொதுக் காரியத்துக்கு வருவோம். குழந்தைக்கு உணவளிப்பது ஊராட்சி மன்றத்தின் கடமை என்ற எண்ணம் நம் நாட்டில் பழையது. 1920ஆம் ஆண்டில் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவு அளித்தது. 1956ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் அது மாநிலத் திட்டமாயிற்று. ஊர் மக்கள் தானியமும் விறகும் தந்து அதைத் தாங்கினார்கள். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் பள்ளிப் பருவத்துக்கு முந்திய குழந்தைகளையும் எட்டியது. 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. காலையில் தம்பிக்குச் சோறு பிசைந்து கொடுத்த அக்காளின் வேலையில் ஒன்று அதனால் குறைந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் வந்தபின் எஞ்சியிருப்பது இரண்டு இடைவெளிகள். ஒன்று, தாய் வேலைக்குப் புறப்படும் நேரத்துக்கும் அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. மற்றொன்று, அங்கன்வாடியில் விடும் வயது வராத கைக்குழந்தை. இவ்விரண்டையும் இன்று நிரப்பிக்கொண்டிருப்பவள் அந்தப் பதினொரு வயதுப் பெண். அவளுக்குப் பதிலாக ஊர் நிரப்ப வேண்டும். அதற்கு நான்கு யோசனைகள் கூறுகிறோம்.

முதல் யோசனை: பள்ளி வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரோடு உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருக்கிறார். நடவு மாதத்திலும் அறுவடை மாதத்திலும் எந்தெந்தப் பெண் எத்தனை நாள் வரவில்லை என்று தலைமையாசிரியரோடு உட்கார்ந்து எண்ணுங்கள். வராத பெண்ணின் வீட்டில் எத்தனை சிறு குழந்தைகள் என்றும் அதன் பக்கத்திலேயே குறியுங்கள். ஊரில் எந்த வீட்டுக்கு உதவி தேவை என்பது அந்த ஒரு தாளில் தெரிந்துவிடும்.

இரண்டாம் யோசனை: வேலைத் தளத்தில் குழந்தைக்கு நிழல். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் தளத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று விதித்தது. அவ்விதியின் கருத்து எந்த வேலைக்கும் பொருந்தும். இருபது பெண்கள் நடவு செய்யும் வயலில் ஒரு முதியவளைக் குழந்தைகளுக்காக அமர்த்தி, நடவுக் கூலியில் அவளுக்கும் ஒரு பங்கு வைத்தால் நிலக்காரருக்கு நட்டம் வந்துவிடாது. வரப்பு மரத்தில் ஏணை கட்டிவிட்டு நிமிடத்துக்கொரு முறை திரும்பிப் பார்க்கும் பெண்ணின் கை எவ்வளவு வேகமாக நடும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

மூன்றாம் யோசனை: தெருவுக்கு ஒரு வீடு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் ஊர்தோறும் உள்ளன. வேலை மிகுந்த காலத்தில் விடியற்காலை முதல் அங்கன்வாடி திறக்கும்வரை முறை வைத்து ஒரு வீட்டில் நான்கைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள அக்குழுக்கள் ஏற்பாடு செய்யலாம். ஒரு நாளைக்கு ஒருத்தி என்றால் எவருக்கும் பாரமில்லை. குப்பத்தில் பாட்டியும் அத்தையும் செய்த உதவியையே இவ்வாறு நாம் முறைப்படுத்திக்கொள்கிறோம்.

நான்காம் யோசனை: கிராம சபையில் குழந்தைகளின் எடை. வரவு செலவுக் கணக்கு படிக்கும்போது அங்கன்வாடிக் கணக்கையும் படிக்கச் செய்யுங்கள். எந்தக் குழந்தையின் பெயரையும் சபையில் சொல்ல வேண்டாம்; அது பெற்றோருக்குத் தலைகுனிவாகும். இத்தனை குழந்தைகள் எடை பார்க்கப்பட்டன, இத்தனை பேருக்கு எடை ஏறவில்லை, அவர்களுக்கு இன்னது செய்தோம் என்ற மூன்று எண்கள் போதும். அடுத்த சபையில் அதே எண்களை மறுபடி கேளுங்கள். நெல்லைக் கிலோக் கணக்கில் நிறுத்து விற்கும் நாம், பிள்ளைகளின் எடையையும் கேட்டறிவதில் வியப்பொன்றும் இல்லை.

உழவர் பெருமக்களே! பஞ்சாயத்திலும் அழுத தெருவுக்குக் குழாய் வருகிறது. அழாத தெரு காத்திருக்கிறது. நல்ல தலைவர் என்பவர் அழாத தெருவுக்கும் நடந்து சென்று பார்ப்பவர். நல்ல குடும்பத் தலைவரின் இலக்கணமும் அதுவே. இன்றிரவு வீட்டுக்குப் போனதும் கைக்குழந்தையைக் கொஞ்சுங்கள்; அது உங்கள் உரிமை. பிறகு மூலையில் உட்கார்ந்திருக்கும் அடுத்த குழந்தையை மடியில் ஏற்றி, அதன் கிண்ணத்தில் எவ்வளவு சோறு மிச்சம் என்று பாருங்கள். மூத்த பெண்ணை அழைத்து, "இந்த வாரம் எத்தனை நாள் பள்ளிக்குப் போனாய்?" என்று கேளுங்கள். உங்கள் இல்லத்தரசியிடம், "நீ சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள். இதற்கு அரசாணை தேவையில்லை. நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

பதிவேட்டைப் புரட்டும் வேலையை மட்டும் இந்த மாதத்துக்குள் முடித்து, பெயர்ப் பட்டியலோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். அடுத்து ஆக வேண்டியதை நாம் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிப்போம்.